கப்பல் மிதக்கும் நிலமா? கொடி நட்டால் தீவு சொந்தமாகுமா?

அஸ்தம்பட்டி மாணவி:

அனைவருக்கும் வணக்கம். குடிமைப் பணித் தேர்வுக்குச் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்துப் படிக்கிறேன். ஓர் அரசு நிலப்பரப்பைப் பெறும் வழிகள் பற்றிய பகுதியையும் கடலில் செல்லும் கப்பல்கள் பற்றிய பகுதியையும் அடுத்தடுத்துப் படித்ததில் ஒரு குழப்பம் வந்து ஒட்டிக்கொண்டது. கப்பல் என்பது அது ஏந்தும் கொடிக்குரிய நாட்டின் மிதக்கும் நிலத்துண்டு என்று நான் போகும் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது உண்மையானால், ஒரு கப்பலைக் கொண்டுபோய் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிறுத்தினால் அந்த இடத்தில் அந்த நாட்டுக்கு ஏதாவது உரிமை பிறக்குமா? பிறக்காது என்றால் அதை எதற்காக நிலம் என்று சொல்கிறார்கள்?

கூடவே ஒரு கேள்வி. நம் சேலமும் பாராமகாலும் 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போயின. பாடநூல் சொல்லும் வகைகளில் அதை எங்கே வைப்பது? வெற்றிகொள்ளலிலா, விட்டுக்கொடுத்தலிலா?

சூரமங்கலம் வழக்கறிஞர்:

சேலத்துக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிலம் எப்படி வருகிறது என்பது தெளிந்தால் கப்பல் தானாகவே பிடிபடும்.

பழைய நூல்கள் ஐந்து வழிகளைச் சொல்கின்றன. எந்த அரசுக்கும் உட்படாத நிலத்தில் புகுந்து ஆள்வது, பிறர் நிலத்தை நெடுங்காலம் எதிர்ப்பின்றி ஆண்டு அனுபவ பாத்தியதை பெறுவது, உடன்படிக்கையால் விட்டுக்கொடுக்கப் பெறுவது, வண்டல் சேர்ந்து நிலம் வளர்வது, போரில் வெல்வது என்பவையே அவை. 1792இல் தோற்றவர் எழுதிக் கொடுத்தார். திப்பு தம் ஆட்சிப்பரப்பில் ஏறக்குறையப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒப்புக்கொண்டார். தம் மகன்கள் இருவரைப் பிணையாக அனுப்பினார். வடிவத்தில் அது விட்டுக்கொடுத்தல்தான், ஆனால் எழுதவைத்தது படை. பிறகு கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இங்கே நிர்வாகத்தை ஏற்றதும், தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாக இருந்ததும் நம் மாவட்ட வரலாற்றில் எல்லோரும் படித்தவை.

இன்று அப்படி எழுதி வாங்கினால் செல்லாது. 1928ஆம் ஆண்டின் கெல்லாக்-பிரியான் ஒப்பந்தத்தில் தொடங்கி, ஐநா சாசனத்தின் 2(4)ஆம் பிரிவில் உறுதிப்பட்டு, உடன்படிக்கைகள் பற்றிய 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 52ஆம் பிரிவில் அந்த விதி எழுத்தில் வந்துவிட்டது: சாசனத்தை மீறிப் படைபலத்தைக் காட்டிப் பெற்ற உடன்படிக்கை தொடக்கத்திலிருந்தே செல்லாதது. 1990இல் குவைத்தை இணைத்துக்கொண்டதாக ஈராக் அறிவித்தபோது, பாதுகாப்பு அவை 662ஆம் தீர்மானத்தின் மூலம் அந்த இணைப்புக்குச் சட்டப்படி எந்த மதிப்பும் இல்லை என்று சொன்னது. ஆனால் இந்த அளவுகோலைப் பின்னோக்கி நீட்டி 1792ஐ அளக்க முடியாது. ஒரு செயலை அது நடந்த காலத்துச் சட்டத்தால்தான் எடைபோட வேண்டும் என்று பால்மாஸ் தீவு வழக்கில் நடுவராக இருந்த மாக்ஸ் ஹூபர் 1928இல் வகுத்தார். அதோடு அவர் நிறுத்தவில்லை. உரிமை பிறந்தது பழைய சட்டப்படி என்றாலும், அது தொடர்ந்து உயிரோடு இருப்பதற்குக் காலத்துக்கேற்ப மாறும் சட்டத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியாக வேண்டும் என்றும் சேர்த்தார். தேர்வில் பலரும் முதல் பாதியை மட்டும் எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

அந்த வழக்கின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1898இல் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது. உடன்படிக்கையில் வரைந்த கோட்டுக்குள் பால்மாஸ் என்ற, ஏறக்குறைய இரண்டு மைல் நீளமே உள்ள ஒரு தீவும் அடங்கியது. 1906இல் அமெரிக்கத் தளபதி லெனர்ட் வுட் அங்கே போய் இறங்கியபோது பறந்துகொண்டிருந்தது டச்சுக் கொடி. ஸ்பெயின்காரர்கள் முதலில் கண்டார்கள் என்பதே அமெரிக்காவின் வாதம். கண்டது மட்டும் முழுமையடையாத உரிமையையே தரும், ஆண்டுகாட்டாவிட்டால் அது கரைந்துபோகும், தன்னிடம் இல்லாததை ஸ்பெயின் யாருக்கும் கொடுத்திருக்கவும் முடியாது என்று ஹூபர் தீர்ப்பளித்தார். தீவு நெதர்லாந்துக்குப் போனது. இன்று இந்தோனேசியாவில் மியாங்காஸ் என்ற பெயரில் இருக்கிறது.

விட்டுக்கொடுத்தலுக்குச் சண்டையில்லாத எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பக்கத்திலேயே இருக்கிறது. டென்மார்க் 1845இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றது. புதுச்சேரியில் 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, 1956 மே 28 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது, சட்டப்படியான உரிமை 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் வந்து சேர்ந்தது. நடுவே இருந்த அந்த எட்டு ஆண்டுகளில் ஆட்சி நம்முடையது, பெயரளவு இறைமை பிரான்சுடையது.

சேர்வராயன் அடிவாரம்:

வழக்கறிஞர் ஐயா முதலில் சொன்ன வழியைப் பற்றி மலையிலிருந்து ஒரு வார்த்தை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பதோடு ஏற்காட்டின் வரலாற்றைத் தொடங்குகிறார்கள், அதற்கு முன் இங்கே ஆளே இல்லாததுபோல. மலையாளி மக்கள் நாடு என்ற பிரிவுகளோடும், பட்டக்காரர், மூப்பன் என்ற தலைமைகளோடும், சேர்வராயன் கோயில் திருவிழாவோடும் அதற்கு வெகுகாலம் முன்பே வாழ்ந்து வந்தார்கள். மேற்கு சகாரா குறித்து 1975இல் பன்னாட்டு நீதிமன்றம் தந்த கருத்துரை என் நினைவுக்கு வருகிறது: சமூக, அரசியல் ஒழுங்கமைப்பும் தங்களுக்கெனப் பேராளத் தலைவர்களும் கொண்ட பழங்குடிகள் வாழும் நிலம் உரிமையாளரற்ற நிலமாகாது. அவர்கள் நாடோடிகளாக இருந்தாலும் அப்படித்தான். ஆகவே யாருக்கும் சொந்தமில்லாத இடம் என்ற வழி ஆளில்லாப் பாறைகளுக்கும் தீவுகளுக்கும்தான் மிஞ்சுகிறது.

ஏற்காட்டு மாலுமி, பணி ஓய்வு:

அம்மணி, கப்பல் கேள்விக்கு நான் வருகிறேன். எஞ்சின் அறையில் என் வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன். நான் ஏறிய எந்தக் கப்பலும் எந்த நாட்டின் நிலமாகவும் இருந்ததில்லை.

கப்பலின் பின்புறத்தில், பெயருக்குக் கீழே, அது பதிவான துறைமுகத்தின் பெயரை எழுதியிருப்பார்கள். மன்ரோவியா என்றிருந்தால் லைபீரியா, மஜூரோ என்றிருந்தால் மார்ஷல் தீவுகள். கப்பல் தன் வாழ்நாளில் அந்தத் துறைமுகத்தைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சுவிட்சர்லாந்துக்குக் கடலே கிடையாது, அதன் கப்பல்களில் பாசெல் என்று எழுதியிருக்கும். நம் சேலத்தைப் போல நிலம் சூழ்ந்த நாட்டுக்கும் கொடியேற்றிக் கப்பல் விடும் உரிமை உண்டு என்பதைக் 1982ஆம் ஆண்டின் ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 90ஆம் பிரிவு உறுதிசெய்கிறது. எந்த நிபந்தனையின் பேரில் கப்பலைப் பதிவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யலாம். கப்பலுக்கும் கொடிக்கும் உண்மையான தொடர்பு இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொன்னாலும், அந்தத் தொடர்பு மெலிதாக இருக்கிறது என்பதற்காகப் பிற நாடுகள் கொடியை ஏற்க மறுக்க முடியாது என்று ஹாம்பர்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் 1999இல் சைகா வழக்கில் கூறியது. வசதிக்காக வேறு நாட்டில் பதிந்து ஏற்றும் வசதிக்கொடிகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது எனக்குப் பிடித்தமான செய்தி அல்ல. சம்பளம் பாக்கி நின்றால் முறையிட வேண்டிய அரசு உலகின் மறுகோடியில் இருக்கும்.

மிதக்கும் நிலம் என்ற பேச்சு வலுப்பெற்ற இடம் 1927ஆம் ஆண்டின் லோட்டஸ் வழக்கு. 1926 ஆகஸ்ட் 2 அன்று பிரெஞ்சுக் கப்பலான லோட்டஸ், துருக்கியின் போஸ்குர்ட் என்ற நிலக்கரிக் கப்பலின் மேல் மோதியது. துருக்கியர் எட்டுப் பேர் இறந்தார்கள். லோட்டஸ் இஸ்தான்புல்லை அடைந்த பிறகு, மோதலின்போது காவற்பொறுப்பில் இருந்த பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி கைது செய்து தண்டித்தது. துருக்கிக் கப்பலில் விளைந்த சாவுகளைத் துருக்கி மண்ணில் நடந்தவையாகக் கருதலாம் என்று அன்றைய நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னது. அதுவும் வாக்குகள் ஆறுக்கு ஆறு என்று சமமாகி, தலைவரின் கூடுதல் வாக்கால் முடிந்த தீர்ப்பு. அந்தத் தலைவர் வேறு யாருமல்ல, மேலே வந்த அதே ஹூபர். ஆனால் இந்த வழக்கின் சாரத்தை அவர் எழுதிய பால்மாஸ் தீர்ப்போடு கலந்துவிடாதீர்கள்.

கப்பல்காரர்கள் இதை ஏற்கவே இல்லை. போகும் துறைமுகமெல்லாம் கைது செய்யும் என்றால் எவன் வண்டியோட்டுவான்? 1952இல் பிரசல்சில் ஓர் உடன்படிக்கை, 1958இல் பெருங்கடல் உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு, கடைசியில் 1982ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 97ஆம் பிரிவு என்று மூன்று முறை எழுதி லோட்டசை ஒதுக்கிவிட்டார்கள். பெருங்கடலில் மோதல் நடந்தால், கப்பல் அதிகாரியைத் தண்டிக்கும் உரிமை கொடிநாட்டுக்கோ அவர் குடிமகனாக உள்ள நாட்டுக்கோ மட்டுமே உண்டு. அதற்கு முன்பே, 1939இல், ஹாங்காங் நீர்ப்பரப்பில் நின்ற சீனச் சுங்கக் கப்பலில் நடந்த கொலை வழக்கில், அரசுக் கப்பலைக்கூட அந்நாட்டின் மிதக்கும் நிலமென்று கொள்வதை இலண்டன் பிரிவி கவுன்சில் மறுத்திருந்தது. உங்கள் வகுப்புக் குறிப்பேடு இந்தச் செய்திகள் எட்டாத காலத்திலேயே நின்றுவிட்டது.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

நான் சட்டம் படித்தவன் அல்லன், லாரித் தொழில். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். சேலம் மேற்கில் பதிவான லாரி எங்கே ஓடினாலும் டிஎன் 30தான். தகுதிச் சான்றும் அனுமதியும் கொடுப்பது சேலம். ஆனால் வாளையாரைத் தாண்டினால் கேரளப் போலீஸ் நிறுத்தலாம், லாரி நிற்கும் இடம் சேலம் ஆகிவிடாது. கப்பலும் இப்படித்தானா? அப்படியென்றால் 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பலிலிருந்து சுட்டு நம் மீனவர்கள் இறந்தார்களே, அந்த வழக்கு ஏன் அத்தனை ஆண்டுகள் இழுத்தது?

சூரமங்கலம் வழக்கறிஞர்:

லாரி உவமை ஓர் இடத்தில் உடைகிறது. லாரி எங்கே போனாலும் ஏதோவொரு மாநிலத்துக்குள்தான் இருக்கும். பெருங்கடலில் யாருடைய மாநிலமும் இல்லை. அதன் எந்தப் பகுதியையும் எந்த அரசும் தன் இறைமைக்கு உட்படுத்த முடியாது என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 89ஆம் பிரிவு திட்டவட்டமாகச் சொல்கிறது. நங்கூரமிட்டால் உரிமை பிறக்குமா என்ற மாணவியின் கேள்விக்கும் விடை அதுவே. கடற்கொள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே கப்பலைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் கொடிநாட்டுக்கு மட்டுமே. கரையை நெருங்க நெருங்கக் கரைநாட்டின் அதிகாரம் கூடும். 12 கடல்மைல் வரை ஆட்சிக்கடல், 24 வரை சுங்கம், குடியேற்றம் போன்றவற்றுக்கான அண்மைக்கடல், 200 வரை மீனும் கனிமமும் சார்ந்த பொருளாதார மண்டலம்.

நீங்கள் கேட்ட இத்தாலியக் கப்பலான என்ரிக்கா லெக்சியின் நிகழ்ச்சி 2012 பிப்ரவரி 15 அன்று கரையிலிருந்து 20.5 கடல்மைலில் நடந்தது. இறந்த இருவரில் ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தவர். மோதல் வழக்குகளுக்கான 97ஆம் பிரிவு தனக்கே முழு அதிகாரம் தருகிறது என்று இத்தாலி வாதிட்டது. சுட்டது கப்பல் மோதலோ கப்பலோட்ட நிகழ்ச்சியோ அல்ல என்று 2020 மே மாதத் தீர்ப்பில் நடுவர் மன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ஆயினும் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இத்தாலியக் கடற்படை வீரர்கள் இருவரும் அரசுப் பணியில் இருந்தவர்கள் என்பதால் இந்திய நீதிமன்றங்களில் அவர்களுக்கு விலக்குரிமை உண்டு என்று மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் முடிவு செய்தது. படகின் கடற்பயணச் சுதந்திரத்தைக் கெடுத்ததற்காக இத்தாலி இழப்பீடு தர வேண்டும் என்றும் சொன்னது. 10 கோடி ரூபாய் வந்து சேர்ந்த பின் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை முடித்தது. விலக்குரிமை பற்றிய பகுதி எனக்கு இன்றும் உடன்பாடானது அல்ல. தனியார் எண்ணெய்க் கப்பலைக் காக்க ஏறியவர்களுக்கு அரசுப் போர்வையை அவ்வளவு எளிதாகப் போர்த்தியிருக்க வேண்டியதில்லை.

ஏற்காட்டு மாலுமி, பணி ஓய்வு:

தூத்துக்குடி வழக்கையும் சேர்த்துப் படியுங்கள். 2013 அக்டோபரில் சியரா லியோன் கொடியேற்றிய சீமன் கார்ட் ஒகையோ என்ற கப்பலைக் கடலோரக் காவல்படை பிடித்துவந்தது. ஆயுதக் காவலர்களும் பணியாளர்களுமாக அதில் 35 பேர். பிற நாட்டின் ஆட்சிக்கடலைத் தீங்கின்றிக் கடந்துபோகும் உரிமையான கேடில்லாக் கடப்பு என்றால் நிற்காமல், தாமதிக்காமல் போக வேண்டும், இடருற்றால் நிற்கலாம். இவர்கள் நின்றது இடரினாலா என்பதே கேள்வி. 2014இல் மதுரைக் கிளை வழக்கின் பெரும்பகுதியை நீக்கியது, 2015இல் உச்ச நீதிமன்றம் திரும்ப உயிர்கொடுத்தது, 2016இல் ஐந்தாண்டுத் தண்டனை, 2017 நவம்பரில் அனைவருக்கும் விடுதலை. கொடி சியரா லியோனுடையது என்பது அவர்களைக் கைதிலிருந்து காக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அஸ்தம்பட்டி மாணவி:

அப்படியானால் குடியுரிமைச் சட்டம் 2(2)ஆம் பிரிவில், பதிவு பெற்ற கப்பலில் பிறந்த குழந்தை அக்கப்பல் பதிவான இடத்தில் பிறந்ததாகக் கருதப்படும் என்று இருக்கிறதே? மேலும், ஆளில்லாப் பாறைக்குக் கொடி நட்டால் போதாது என்றால் வேறு என்ன செய்ய வேண்டும்? கடலில் நாமே ஒரு மேடை கட்டினால்?

சூரமங்கலம் வழக்கறிஞர்:

கருதப்படும் என்ற சொல்லே விடை. குழந்தை நாடற்றுப் போகக் கூடாது என்பதற்காகச் சட்டம் செய்யும் ஏற்பாடு அது. அதனால் நிலம் எதுவும் உண்டாவதில்லை.

மேடை கட்டினால் ஒன்றும் கிடைக்காது. இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால் இருந்த போர்க்காலக் கோபுரம் ஒன்றை 1967இல் ஒருவர் பிடித்துக்கொண்டு சீலேண்ட் என்ற நாடு என்றார். மனிதன் கட்டியது நிலப்பரப்பாகாது என்று 1978இல் கொலோன் நீதிமன்றம் கூறியது. செயற்கைத் தீவுக்கு ஆட்சிக்கடல் கிடையாது என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 60ஆம் பிரிவும் சொல்கிறது. இயற்கை தருவதும் நிலைப்பதில்லை: 1970ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் வங்கக் கடலில் தலைகாட்டிய நியூ மூர் தீவுக்காக இந்தியாவும் வங்கதேசமும் மல்லுக்கு நின்றன; 2014இல் கடல் எல்லைத் தீர்ப்பு வருவதற்குள் தீவே மூழ்கிவிட்டது.

பாறைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு, மலேசியாவும் சிங்கப்பூரும் பன்னாட்டு நீதிமன்றத்தில் வாதாடிய பெட்ரா பிராங்கா வழக்கைவிடச் சிறந்த பாடம் இல்லை. சிங்கப்பூருக்குக் கிழக்கே 24 கடல்மைலில், 137 மீட்டர் நீளமும் சராசரி 60 மீட்டர் அகலமும் கொண்ட கருங்கல் திட்டு அது. தொடக்கத்தில் அது, இன்று மலேசியாவின் மாநிலமாக உள்ள ஜோகூரின் சுல்தானுடையது என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. 1850களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அங்கே ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார்கள். அதனால் மட்டும் உரிமை மாறவில்லை; பிறர் மண்ணில் விளக்குக் கட்டி நடத்துவது வழக்கத்தில் உள்ளதுதான். 1953 ஜூனில் சிங்கப்பூர் காலனி அலுவலகம், ஆட்சிக்கடலை வரையறுக்க வேண்டியிருப்பதால் அந்தப் பாறையின் நிலை என்ன என்று ஜோகூரிடம் எழுதிக் கேட்டது. செப்டம்பரில் ஜோகூரின் தற்காலிக அரசுச் செயலரிடமிருந்து பதில் வந்தது: பாறையின் உடைமையை ஜோகூர் அரசு கோரவில்லை. ஓர் அலுவலகக் கடிதம், அவ்வளவுதான். அதற்குப் பின் சிங்கப்பூர் அங்கே கொடி ஏற்றியது. பாறையைச் சுற்றிக் கப்பல் தரைதட்டினால் விசாரணை நடத்தியது. மலேசிய அதிகாரிகள் அங்கே வர வேண்டுமானால் அனுமதி பெற வைத்தது. மலேசியாவிடமிருந்து ஒரு எதிர்ப்புக் கடிதம்கூட இல்லை. 1980க்குள் இறைமை சிங்கப்பூருக்குக் கடந்துவிட்டது என்று 2008 மே 23 அன்று 12க்கு 4 என்ற வாக்கில் தீர்ப்பு. அருகிலிருந்த மிடில் ராக்ஸ் பாறைகள், அங்கே யாரும் எதுவும் செய்யாததால், பழைய உரிமைப்படி மலேசியாவிடமே நின்றன.

மாணவி கேட்ட இரண்டும் இங்கே சந்திக்கின்றன. விபத்துக்குள்ளான கப்பல்கள் பாறையை யாருக்கும் சொந்தமாக்கவில்லை. அவற்றை விசாரித்த அரசின் ஏடுகள் ஆக்கின.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்:

அப்படியென்றால் கச்சத்தீவில் நம் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வலை உலர்த்தியதற்கு மதிப்பே இல்லையா?

சூரமங்கலம் வழக்கறிஞர்:

கட்சி அரசியலுக்குள் போகாமல் சட்டத்தை மட்டும் சொல்கிறேன். தனியார் மீன் பிடித்ததும் வலை உலர்த்தியதும், அரசின் பெயரால் நடந்தவை அல்ல என்பதால், தீவின் இறைமையை நிறுவப் போதா. இராமநாதபுரம் ஜமீன் ஆவணங்கள் அதனால்தான் வாதத்தில் முன்னே வருகின்றன. 1974இல் எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே வரையப்பட்டது. நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று, பாகிஸ்தானுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட பெருபாரி பகுதி பற்றிய விவகாரத்தில் 1960இல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. இங்கே விட்டுக்கொடுத்ததே இல்லை, வரையறுக்கப்படாதிருந்த எல்லையைத் தீர்த்துக்கொண்டோம் என்பது மத்திய அரசின் நிலைப்பாடு. எனக்கு அந்த வேறுபாடு மெல்லியதாகவே தெரிகிறது. எனினும் அது உள்நாட்டுச் சட்டத்தின் கேள்வி. பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாமே என்பவர்களுக்கு: காமன்வெல்த் நாடுகளுடனான வழக்குகளை அந்த நீதிமன்றத்துக்கான தன் ஒப்புதலிலிருந்து இந்தியாவே விலக்கி வைத்திருக்கிறது.

இறைமை போனாலும் மீன்பிடி உரிமை போக வேண்டியதில்லை என்பதற்கு 1998ஆம் ஆண்டின் எரித்திரியா-ஏமன் தீர்ப்பு உண்டு. செங்கடல் தீவுகள் பலவற்றை ஏமனுக்குக் கொடுத்த அதே நடுவர்கள், இருகரை மீனவர்களின் மரபான மீன்பிடிப்பு தொடர வேண்டும் என்றார்கள். நம் 1974 ஒப்பந்தத்தின் 5ஆம், 6ஆம் பிரிவுகளும் தீவுக்குப் போய்வருவதையும் மரபுரிமைகளையும் பேசுகின்றன. ஆனால் 1976 மார்ச் 23 அன்று இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இந்தியப் படகுகள் இலங்கைக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுதிவிட்டன. அரசுகள் தாமே எழுதி முடித்ததை மரபு கொண்டு மீட்பது கடினம்.

அஸ்தம்பட்டி மாணவி:

எரித்திரியா-ஏமன் தீர்ப்பு விசைப்படகுகளுக்கும் பொருந்துமா, ஐயா?

சூரமங்கலம் வழக்கறிஞர்:

1999இல் வந்த இரண்டாம் கட்டத் தீர்ப்பு அதைத் தொட்டது. மரபு என்பதற்காகப் பழைய பாய்மரத்திலேயே கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை, சிறு படகுக்கு எஞ்சின் பூட்டலாம், கருவிகளை மேம்படுத்தலாம் என்றது. பெரிய அளவிலான வணிக, ஆலை மீன்பிடிப்பை விலக்கியது. பாக் நீரிணையில் இழுவலைப் படகுகளை எந்தப் பக்கத்தில் வைப்பது என்பதுதான் சிக்கல். அடிமடி இழுவலையை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. நாட்டுப்படகுக்காரர்களின் வழக்கைத் தனியே பிரித்து வாதாடினால் மட்டுமே இந்தத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நினைக்கிறேன்.